எனக்கு நானே எழுதிய கடிதம்

யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது நான் பாடிய கசெட்டுகள் எல்லாம் வீட்டோடு போயின. பிறகு ஒருநாள் திருகோணமலைத் துறைமுகத்தடியில், கசெட் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் அவற்றில் ஒன்றைக் கண்டேன். காதில் பென்சில் செருகியிருந்த கடைக்காரரிடம் ஒரு பிரதி கேட்டேன்.

“பாடினவரின்ர கடிதம் இல்லாமல் பதிய ஏலாது. அது அவரின்ர சொத்து.”

“நான்தான் பாடினனான்.”

பென்சிலால் ஏதோவொரு கசெட்டின் நாடாவைச் சுற்றியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விசிறியை நிற்பாட்டினார்.

“அப்ப பாடுங்கோ.”

இரண்டு வரி பாடினேன்.

“ஓம், நீங்கள்தான்!” என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரோ ஒரு கடதாசியை நீட்டினார்.

“இனிக் கடிதத்தை எழுதித் தாங்கோ.”

எனக்கு நானே அனுமதி கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். எல்லாமே கேட்பாரில்லாமல் பறிபோன காலத்தில், அந்த மனிதர் என் பாட்டை என்னிடமிருந்துகூடக் காத்து வைத்திருந்தார்.