பொத்துவிலுக்கு ஒரு பன்பாய்

மருதமுனையில் டயர் காற்றுப் போய்ப் பஸ் நிற்கிறது. நானும் என் நாலு வயது மகளும் இறங்கித் தெருவோரம் நிற்கிறோம். தாதியான என்னைப் பொத்துவில் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. நாளைக்கு அங்கே கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம் பையில் இருக்கிறது.

எதிரே பட்டின சபையின் பாலர் பாடசாலை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிப் பிள்ளைகள் பாடுகிறார்கள். மகள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய், அவர்கள் நடுவே பாயில் உட்கார்ந்துவிடுகிறாள். பின்னால் ஓடிய என்னைப் பார்த்து ரீச்சர் முக்காட்டைச் சரிசெய்தபடி சிரிக்கிறார்.

“இரிக்கட்டும், பாவம்.”

என் கதையைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வருகிறது.

“ஏன் மிஸி வேலைய உடுறீங்க? அரசாங்கம் சொல்லி இப்ப ஊர் ஊராப் பாலர் பாடசாலை தொறக்கிறாங்க. பொத்துவில்லயும் போன மாசம் தொறந்தாச்சு.”

“உண்மையாவா?”

“ஓம். பாய்தான் இன்னும் போய்ச் சேரல்ல.”

சிறிய பன்பாய் ஒன்றைச் சுருட்டி மகளின் கையில் கொடுக்கிறார். டயர் மாற்றிய பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அவருடைய பேரைக்கூடக் கேட்காமல் ஓடுகிறோம்.

பஸ் நகர்ந்ததும் கடிதத்தைக் கிழிக்கிறேன். பாயைக் கட்டிப்பிடித்தபடி மகள், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று நச்சரிக்கிறாள். காலையிலிருந்து இதே கேள்விதான். இப்போதுதான் எனக்கும் அவசரம்.