மச்சான்களின் இரண்டு கார்கள்

பெரிய மச்சானிடம் பழைய ஜாகுவார் ஈ-டைப், சின்ன மச்சானிடம் ஆஸ்டின் ஹீலி. எது உசத்தி என்று சொல்ல, வீட்டு மாப்பிள்ளையான மெக்கானிக்கை ஹீலிக்குள் உட்காரவைத்து, ஆளுக்கொரு கதவில் சாய்ந்துகொண்டார்கள். இறங்க வழியில்லை. வாசலில் நின்ற மனைவி, 'வாயைத் திறக்காதே' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

“ரெண்டும் நல்ல வண்டிதான்,” என்று மழுப்பினான் மாப்பிள்ளை.

“நழுவாதீங்க மாப்ள.”

“ஓட்டி ரசிக்க ஹீலி. வாங்கிச் சேர்த்து வைக்க ஜாகுவார்.”

“அப்போ என் வண்டி ஓட்ட லாயக்கில்லையா?” என்றார் பெரியவர்.

“என் வண்டிக்கு மதிப்பே இல்லையா?” என்றான் சின்னவன்.

குறை சொன்னவரே சரிசெய்யட்டும் என்று முடிவானது. அன்றிலிருந்து அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஏதாவது ஒரு காரின் அடியில்தான் கழிகின்றன. அண்ணன், தம்பி இருவரும் அவனோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லையே என்று மனைவிக்கு மட்டும் நிம்மதி.