அவர் பசியைச் சொன்ன சொல்

என் கணவர் கோர்ட்டில் வெள்ளைக்கார நீதவானுக்குச் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்ப்பவர். கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் சிங்களம் அவருக்குத் தெருவிலேயே வந்தது. தமிழ் வீட்டில் இருந்தது, இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் கொடுத்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்தவள். இரண்டு வருடமாகியும் சிங்களம் வராமல் மீன்காரனிடம் விரலைக் காட்டித்தான் மீன் வாங்குவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சுக் குழறியது. நான் பதறி அவரைக் கதிரையில் இருத்திக் கையைத் தேய்த்துவிட, ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

"இஞ்சாருங்கோ, டொக்டரிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டுப் போங்கோவன்."

"கை விறைச்சது, அவ்வளவுதான். நீர் சும்மா பயப்பிடாதையும்" என்று ரயிலுக்கு நடந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரிசியை இரண்டு தரம் களைந்தேன். ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் வாசலுக்குப் போய் நின்றேன். மாலையில் சிரித்துக்கொண்டே வந்தார். செவ்வாயும் புதனும் அவர் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கையையே பார்த்தேன். வியாழன் காலை சப்பாத்துப் போடக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். இந்த முறை ஒன்றும் சரியாகவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்டு அடைபட்டுப் போச்சு. ரத்தம் வராட்டி நரம்புக் கலங்கள் கொஞ்ச நேரந்தான் தாங்கும். செத்தது திரும்பாது. பக்கத்திலை மயங்கிக் கிடக்கிறது சிலவேளை முழிக்கும்."

"திங்கட்கிழமையும் வந்தது, டொக்டர். அப்பவே கொண்டுவந்திருந்தால்?"

"அப்பவும் எங்களாலை பெரிசா ஒண்டும் செய்திருக்கேலாது, அம்மா."

அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. வார்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் உதடு அசைந்தது. "படகினி."

"எந்தப் படகு?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் முறை அவர் கண் கலங்கிவிட்டது. சிங்கள நேர்ஸ் ஒருத்தி ஓடிவந்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, கஞ்சிக் கோப்பையை எடுத்தாள். பசிக்கிறது என்று என் கணவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் தெருவில் கற்ற சிங்களம்தான் அவருக்குத் துண்டு துண்டாக வந்தது. தமிழ் நாக்கில் ஏறவில்லை. நான் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மாவிடம் போனேன். சோறு, தலையிடி, கதவைத் திற என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மறந்துவிடுமுன் ஓடிவந்து அவரிடம் சொல்வேன். ஒருநாள் எதையோ தலைகீழாகச் சொல்லிவிட்டேன் போலும். அவர் இடது கையால் கதிரையைத் தட்டி, சரியான சொல்லைச் சொல்லி, பாதி வாயால் சிரித்தார்.

ஏழாம் மாதம் தமிழ் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. இங்கிலீஷ் வரவேயில்லை. கோர்ட்டுக்கு அவர் திரும்பவுமில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். அவ்வளவு காலமும், அவர் ஒரு சொல்லைத் தேடித் தயங்கினால் போதும், இன்னொரு திங்கட்கிழமையோ என்று செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடுவேன்.