வயிற்றில் பிறந்த சொல்

எல்லோரும் அவளைக் கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கை நீளம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. வார நாட்களில் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டி விற்பவள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் செய்பவருக்குப் பக்கத்தில் நின்று, காது கேளாதவர்களுக்கு அவர் பேச்சைச் சைகையில் சொல்பவள். அவர் வாய் எக்ஸ்பிரஸ், இவள் கை பாசஞ்சர். எப்படியோ கடைசி ஸ்டேஷனுக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்துவிடும்.

இதை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் தம்பியின் காதைக் கொண்டுபோய்விட்டது. அவனைக் காது கேளாதோர் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போகும்போது, வாசலில் பிள்ளைகள் சைகையிலேயே சண்டை போடுவதைப் பார்த்துப் பாதி பிடித்துக்கொண்டாள். முதலில் வந்தவை கெட்ட வார்த்தைகள். நல்லது எல்லாம் பிறகுதான். அப்புறம் ஆஸ்பத்திரி, பேங்க், கல்யாணப் பேச்சு என்று எங்கே போனாலும் தம்பிக்கு வாய் அவள்தான்.

அந்த வாயே ஒருநாள் காரியத்தைக் கெடுத்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினுக்கு ஆள் கேட்டார்கள். தம்பி கெட்டிக்காரன். தான் வெட்டிய காகிதக் கட்டுகளையே காட்டுவதற்குக் கொண்டுபோயிருந்தான். முதலாளி அதைப் பார்த்துவிட்டும் தயங்கினார். அக்காவுக்குப் பதற்றம். "சார், பாவம் சார், காது கேக்காத பையன். நீங்கதான் இரக்கப்படணும்" என்று கையைக் கூப்பிவிட்டாள்.

வேலை கிடைத்தது, தம்பிதான் கைவிட்டுப் போய்விட்டான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவன் அவன். தெருவுக்கு வந்ததும், "இனிமே எனக்காக நீ பேசாதே" என்று கையால் வெட்டிச் சொன்னான்.

அதிலிருந்து எங்கே போனாலும் பேனாவும் துண்டுக் காகிதமும்தான் அவனுக்குத் துணை. சபைக்கு வருவான். தன்னைப் போலவே காது கேளாத மனைவியோடு முன் பெஞ்சில் உட்காருவான். அக்கா கையைத் தூக்கினால் பார்வை சுவர் மின்விசிறிக்குப் போய்விடும். நாம் காதைப் பொத்திக்கொள்வது எப்படியோ அப்படித்தான் அது. ஊரே பார்க்கிற கையை உடன்பிறந்தவன் பார்க்கவில்லை. வாரா வாரம் அதை விழுங்கிக்கொண்டுதான் அவள் நின்றாள்.

ஒரு ஞாயிறு, வெளியூரிலிருந்து வேதபாட ஆசிரியர் ஒருவர் பேச வந்தார். கிரேக்கம் படித்தவர். "இன்னைக்கு ஒரே ஒரு சொல்" என்று தொடங்கி, "ஸ்ப்ளாங்க்னிசோமாய்" என்றார். சபையில் பாதிப்பேர் பல்லைத் தடவிப் பார்த்தார்கள். கை அக்கா மனத்துக்குள், "நல்லா இருப்பீங்க ஐயா" என்றாள்.

"சுவிசேஷங்கள்ல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இது வருது. இயேசுவைப் பத்திச் சொல்லும்போது வரும், இல்லேன்னா அவர் சொன்ன கதைகள்ல வரும். நாம இரக்கம்னு படிக்கிறோம். ஆனா இதோட வேர் குடல், ஈரல். உள்ளே இருக்கிற எல்லாம். பெத்த வயிறு துடிக்குதுன்னு சொல்லுவோமே, அது."

இரக்கத்துக்கு அவளிடம் பழகிய சைகை ஒன்று இருந்தது. தலையைச் சாய்த்து, முகத்தைத் தொங்கவிட்டு, கீழே இருக்கிற யாரையோ மேலிருந்து தடவிக்கொடுப்பது. கை பாதி எழும்பி அந்தரத்தில் நின்றது. அச்சக முதலாளியின் முன்னால் அவள் முகம் தொங்கியதும் இப்படித்தான். முன் பெஞ்சில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள், ஒருவன் தவிர.

"இன்னொண்ணு" என்றார் ஆசிரியர். "பரிதாபம் நின்ன இடத்துலேயே நிக்கும். இந்தச் சொல் வந்தா அடுத்து ஒரு வேலை நடக்கும். வழியில அடிபட்டுக் கிடந்தவனோட காயத்தை ஒருத்தன் கட்டுறான். வீட்டை விட்டுப் போன மகன் தூரத்துல வர்றப்பவே அப்பா ஓடுறாரு."

தம்பிக்கு ஆறு வயதிருக்கும்போது, பின்னால் வந்த லாரியின் ஹாரன் தெரியாமல் அவன் சாலையில் நடந்துகொண்டிருந்தான். அன்றைக்குச் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியவள் அவள். ஓடச் சொன்னது மூளை இல்லை.

இரண்டு கையையும் வயிற்றில் வைத்து ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கினாள். அதே வேகத்தில் கைகளை முன்னால் நீட்டி ஓரடி பாய்ந்தாள். முன் பெஞ்சு சலசலத்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வயிற்றைப் பிழிந்து பார்த்தார்கள். மனைவி முழங்கையால் இடித்தாள். தம்பி திரும்பினான்.

கூட்டம் கலைந்ததும் நேராக அவளிடம் வந்தான். சுற்றிவளைக்கத் தெரியாதவன்.

"அன்னைக்கு அச்சகத்துல, உனக்கு எது?" என்று கேட்டான். முதலில் மேலிருந்து தடவிக்காட்டினான். பிறகு வயிற்றை முறுக்கிக்காட்டினான்.

பொய் சொல்லியிருக்கலாம். சைகையில் பொய் சொல்வது கஷ்டம், முகம் காட்டிக்கொடுத்துவிடும். "உள்ளே இது. வெளியே சொன்னது அது. தப்பு பண்ணிட்டேன்டா" என்றாள் கையால்.

அவன் கொஞ்ச நேரம் அவள் கைகளையே பார்த்தான். பிறகு மனைவியைக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்தான். அவள் வெட்கத்தோடு வயிற்றின் மேல் கை வைத்தாள். மூன்றாம் மாதம்.

"டாக்டர் எழுதிக் குடுக்கிறது ஒண்ணும் புரியலை. நாளைக்கு எங்ககூட வா. எங்களுக்காகக் கேளு" என்றான் தம்பி. பிறகு விரலை உயர்த்தினான். "கெஞ்சாதே."

ஊருக்கெல்லாம் கையால் பேசுகிறவளுக்கு அப்போது கை எழவில்லை. தலையைத்தான் ஆட்டினாள்.