பேரில்லாத கல்

சாவிக்கொத்து இடுப்பில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் எல்லோருக்கும் அவள் சாவிக்காரம்மா. தேவாலயத்தை ஒட்டி, பாதிரியார்கள் தங்கும் குருமனை நூற்றைம்பது வருடக் கட்டடம். பதினோரு அறை, முப்பத்திநாலு ஜன்னல், மழை வந்தால் ஒழுகும் இடம் ஏழு. எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். இருபத்தேழு வயதில் வேலைக்கு வந்தவளுக்கு இப்போது அறுபத்திநாலு.

ஓய்வுபெற்ற பெரிய சாமி கீழறையில் படுக்கையும் சக்கர நாற்காலியுமாக இருக்கிறார். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். அவருக்கு நினைவு தப்பி மூன்று வருடம் ஆகிறது. சாப்பிட்டு வாய் துடைத்த கையோடு, "நீ எங்க சோறு போட்டே?" என்று சண்டைக்கு வருவார்.

தினமும் பத்து மணிக்கு அவரை நினைவுத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். நடைபாதை முழுக்க இறந்தவர்களின் பேர் வெட்டிய கற்கள். ஒவ்வொரு பேராக உரக்க வாசிப்பார். பெஞ்சுக்கு எதிரே ஒரு கல்லில் மட்டும் எழுத்து கிடையாது. அங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டு, ஆசீர்வதிக்கிற மாதிரி கையை லேசாக உயர்த்துவார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒன்பது மணி நேரம்தான் இருந்தது. ஞானஸ்நானம் இல்லை, பேரும் இல்லை. பேரில்லாமல் இறந்தவர் பதிவேட்டில் ஏற்ற முடியாது. "எழுத வேண்டாம். கல்லு வைக்கிறதுக்கு நான் யார்கிட்ட கேக்கணும்?" என்று பெரிய சாமி தானே மண்ணைத் தோண்டிப் பதித்தார். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்ட புருஷன், அந்தக் கல்லைப் பற்றித் தெரியாமலே செத்தும் போனான். பின்னால் பிறந்த மகனுக்கும் தெரியாது. எல்லாக் கற்களையும் தேய்த்துக் கழுவும்போது அதையும் தேய்ப்பாள். நாலு தேய்ப்பு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

நடைபாதை உள்வாங்கித் தண்ணீர் தேங்கியது. கற்களைப் பெயர்த்து மறுபடி பதிக்க, இப்போது பொறுப்பில் இருக்கும் சின்ன சாமி கொத்தனாரை ஏற்பாடு செய்தார்.

"பதிவேட்டைப் பாத்து லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டேம்மா. வேற ஏதாவது கவனிக்கணுமா? உங்களுக்குத் தெரியாததா?"

வாய் வரை வந்தது. பக்கத்தில் ஆலயத்து மணியடிக்கிறவர் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெரு சுற்றி வந்துவிடும்.

"ஒண்ணும் இல்லைங்க சாமி."

கொத்தனாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மறுநாளே பெரிய சாமிக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் அவரோடு கிடந்தாள். திரும்பி வந்தபோது நடைபாதை வழித்துவிட்ட மாதிரி சமமாக இருந்தது. பெஞ்சுக்கு எதிரே வேறு யாரோ ஒருவரின் பேர்.

"இங்க இருந்த மொட்டைக் கல்லு எங்க?"

கொத்தனார் கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "அதுவா? லிஸ்ட்லயே இல்லியேம்மா. மிச்சக் கல்லுன்னு ரெண்டா உடைச்சுக் குழாயடில மிதிக்கிறதுக்குப் போட்டுட்டேன். வழுக்குது வழுக்குதுன்னு நீங்கதானே போற வர்றவனை எல்லாம் திட்டுவீங்க? இனிமே யாரும் விழ மாட்டாங்க, பாருங்க!"

"நல்லதாப் போச்சு" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு நாற்காலியைத் தள்ளினாள். பெஞ்சுக்கு எதிரே பெரிய சாமி புதுப் பேரைத் திக்காமல் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கை மடியிலேயே கிடந்தது. அவள் நிற்கவில்லை. குழாயடியில் கொண்டுபோய் பிரேக் போட்டாள்.

"இங்க ஏன் நிறுத்தினே? இங்க யாரு பேரும் இல்லியே?"

"இல்லைங்க சாமி."

"அப்ப நடைய கட்டு."

"ரெண்டு நிமிஷம் இருங்க. பாசி புடிச்சிடும்."

இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மேலே யாருடையதோ சேற்றுச் செருப்புத் தடம். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாளியைச் சாய்த்து, தேய்க்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் பெரிய சாமி, வாசித்த பேர்களை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.