ஓடையில் விட்ட கெளுத்தி

சிலமலையில் எங்கள் தோட்டத்துக் குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தேன். கோழிக்கடைக் கழிவைக் கொட்டினால் போதும், மளமளவென்று பெருத்துவிடும். அது தடை செய்த மீன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதிகாரிகள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொன்று புதைக்கச் சொல்லிப் போனார்கள்.

குழி வெட்டி, முதல் கூடையைக் கொட்டினேன். கெளுத்தி லேசில் சாகாது. குழிக்குள் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என்னால் மண்ணைத் தள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் இரண்டு டிரம்மில் அள்ளிக்கொண்டுபோய், மலையிலிருந்து இறங்கும் ஓடையில் விட்டேன். ஏதோ புண்ணியம் செய்துவிட்டதுபோல அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஓடைதான் என் மதினிக்குப் பிழைப்பு. அண்ணன் இறந்த பிறகு, கொசுவலைத் துணியில் அயிரைப் பொடிமீன் அள்ளி, போடி சந்தையில் விற்று இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். நான் மீன் விட்டு மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு அயிரை குறைந்தது. அடுத்த வருடம் அவள் துணியில் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"தண்ணி கெடக்கு, மீனைக் காணோம். மேல எஸ்டேட்டுல மருந்து கிருந்து அடிக்கிறாய்ங்களோ என்னமோ" என்றாள். எனக்குள் ஒரு சந்தேகம் ஊர்ந்தது. "இருக்கும் மதினி" என்றேன்.

ஒரு காலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "இது என்ன மீனுன்னு பாருங்க தம்பி. துணியவே கிழிச்சிருச்சு."

என் மனைவி அதை அறுத்தாள். வயிறு முழுக்க அயிரை. பாதி செரித்த ஆரல் மீன் ஒன்று. மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் மதினி விட்டேன்" என்றேன்.

மதினி குனிந்து அந்த மீனின் வாயை விரலால் பிளந்து பார்த்தாள்.

"ஆபீசருக கொல்லச் சொன்ன மீனா? கொல்ல மனசு வரலயாக்கும்?"

"வரல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நான் கொன்னுருப்பேன்ல."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் பறிக்கப் போகிறாள். வளைவுக்கு வளைவு அவளுக்கு வாந்தி வருகிறது என்று கூடப் போகிறவர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் என் மனைவியோடு மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறாள்.

ஞாயிறுதோறும் நான் ஓடையில் வலை போடுகிறேன். சேற்றுக்குள் புதைந்து கிடப்பதை எந்த வலையால் அரிக்க? போன வாரம் சிக்கியதெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். எல்லாம் கெளுத்தி.