வாயாடியின் கைகள்

முதலில் வளையல் கழலும். அடுத்தது மோதிரம். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுவிட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மணிக்கட்டு வரை கைகளை அமிழ்த்திக்கொள்கிறாள். மேடைக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சின்ன அறையில் உடைந்த நாற்காலிகளும் பழைய பதாகைகளும் அடைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள் பத்து விரல்களையும் மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"குளிர்ல விரல் மடங்காதுண்ணா. விரல் மடங்கலேன்னா எனக்கு நாக்கு குழறின மாதிரி."

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் இடையில் நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சைக் கையாலும் அந்தப் பக்கத்துக் கையைப் பேச்சாலும் சொல்பவள். மருத்துவமனை, நீதிமன்றம், வங்கி, பள்ளிக்கூடம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறாள். காது கேளாதோர் சங்கத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் வாயாடி. உதட்டை ஒரு விரலால் இரண்டு முறை தட்டினால் அது அவள்தான். பெயர் வைத்தது அவளுடைய அக்கா. அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தங்கை பிறந்து, பேசத் தொடங்கி, நிறுத்தவே இல்லை என்பதை அவள் உதட்டசைவைப் பார்த்தே கண்டுபிடித்து, அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டாளாம்.

பெயருக்கு வஞ்சனை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் வாயாடி மூச்சு விடாமல் பேசுவாள். நான் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்காரன், பத்திரிகையில் எழுதுகிறவன். மாடிப்படியில் அவளிடம் அகப்பட்டுக்கொண்டால் அன்றைக்குப் பேருந்து போன மாதிரிதான். பூப்போட்ட சட்டை உடுத்தமாட்டாள். "பூவுக்கு முன்னால கையாட்டினா பூவெல்லாம் சேர்ந்து பேசுற மாதிரி இருக்கும்" என்பாள். ஒரே மாதிரிக் கருநீலச் சட்டைகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் காவல்காரர் யாராவது இருக்கிறாரா என்று பால்காரர் கேட்டிருக்கிறார்.

வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குச் சொந்தமாக ஒரு சொல் கிடையாது. யார் பேசினாலும் அவர்களுடைய 'நான்'தான் அவளுடைய 'நான்'. நீதிமன்றத்தில் "நான் திருடல ஐயா" என்று குரல் நடுங்கச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில், "ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் பிடிப்பேன்" என்று ஒரு கிழவருக்காகச் சொல்லப் போக, புதிதாக வந்த டாக்டர் அவளையே முறைத்து, "பொம்பளைப் பிள்ளை, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டார். அதையும் அவள் ஒழுங்காகக் கிழவருக்குச் சைகையில் சொன்னாள். கிழவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எதையும் விடமாட்டாள். பேச்சாளர் இருமினால் இருமினார் என்று சொல்வாள். வெளியே நாய் குரைத்தால் நாய். யாருடைய போனாவது அடித்தால், அது எந்த மூலையில் அடிக்கிறது என்பது வரைக்கும். "கேக்குறவனுக்குக் கிடைக்கிற அத்தனையும் அவங்களுக்கும் கிடைக்கணும். எது முக்கியம்னு நான் யாருண்ணா முடிவு பண்ண?"

கை சொல்லைச் சொல்லும். குரலைச் சொல்வது முகம். கோபம், கேலி, குழைவு எல்லாவற்றையும் முகத்தில் கொண்டுவர வேண்டும். நாள் முழுக்க மற்றவர்களுடைய முகத்தைப் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு வீடு திரும்பும்போது, அவள் முகம் துடைத்துப்போட்டது போல இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் புருஷன், "என் மேல எதுவும் கோபமா?" என்று தினமும் கேட்டாராம். "மூஞ்சிக்கு லீவுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவாளாம்.

அன்றைக்குக் கூட்டம் ஒரு பேராசிரியரைப் பற்றி. பெரிய அறிஞர், நல்ல நல்ல அறிவியல் புத்தகங்கள் எழுதியவர். போன மாதம் ஒரு பேட்டியில், காது கேளாத தம்பதிகள் பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிவிட்டார். நாடு இரண்டுபட்டது. ஆளாளுக்கு எழுதினார்கள், பதிலுக்கு எழுதினார்கள். கடைசியில் ஓர் அறக்கட்டளை அரங்கம் பிடித்து, 'பேராசிரியர் சொன்னது துவேஷமா, துணிவா?' என்று பதாகை கட்டி, இரண்டு பக்கமும் பேச ஆள் வைத்து, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவரை நடுவராகப் போட்டது. முடிவில் சபையோர் கை உயர்த்தித் தீர்ப்புச் சொல்வார்களாம். காது கேளாதவர்களுக்கு முன்னால் இரண்டு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். மேடையில் மட்டும் அவர்களுக்கு ஒரு நாற்காலி இல்லை.

முன்வரிசையில் வாயாடியின் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், தையல்காரர். அவருக்கும் காது கேட்காது. அவர்களுடைய ஏழு வயது மகளுக்கும் கேட்காது. அக்காவுக்கு இப்போது மூன்று மாதம்.

"எங்க அக்கா மாமியார் அந்தப் பேட்டிய வெட்டி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காங்கண்ணா," என்று கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் வாயாடி. "'நான் ஒண்ணும் சொல்லலம்மா, அவ்வளவு பெரிய மனுஷன் சொல்றாரு, யோசி'ங்கிறாங்க. இன்னைக்குக் கூட்டத்துல என்ன முடிவாகுதுன்னு வந்து சொல்லணுமாம். கலைக்கிறதா வேண்டாமான்னு ஓட்டுப் போட்டுச் சொல்லப் போறாங்க போல, அந்தம்மா நினைப்புல."

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்தாளு புத்தகத்தத்தான் நான் வாரா வாரம் அக்காவுக்குக் கையால படிச்சுக் காட்டுவேன். நட்சத்திரம் எப்படிப் பொறக்குதுன்னு எழுதியிருப்பாரு பாருங்க, அதை மூணு தடவை கேட்டா," என்றாள். அவள் குரலில் கோபத்தைவிட, ஏமாந்துபோன வெட்கம்தான் அதிகம் இருந்தது.

கூட்டம் தொடங்கியது. துணிவு என்று பேச வந்தவர் பத்திரிகைக் கட்டுரையாளர். கேள்வி கேட்பது குற்றமா, சிந்திப்பது பாவமா, முழுப் பேட்டியையும் படித்தீர்களா என்று சபையைப் பார்த்துக் கேள்விகளாக அடுக்கினார். முழுப் பேட்டியையும் படித்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. துவேஷம் என்று பேச வந்த அம்மையார் அவருக்கு மேல். "ஓசையில்லாத இருட்டில் தவிக்கும் இந்தப் பாவப்பட்ட ஜீவன்கள்" என்று தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாயாடி அந்த அழுகையையும் சிந்தாமல் சிதறாமல் கையிலும் முகத்திலும் கொடுத்தாள். அக்கா பக்கத்திலிருந்த புருஷனிடம் என்னவோ கை காட்ட, முன்வரிசை குலுங்கிச் சிரித்தது. 'இருட்டா? கரண்ட் போயிடுச்சா?' என்று கேட்டாளாம். பிற்பாடு வாயாடி சொன்னாள்.

பிறகு கட்டுரையாளர் எழுந்து, "துவேஷம் துவேஷம் என்கிறீர்களே, அவருடைய குரலைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று பேட்டியின் ஒலிப்பதிவைப் போடச் சொன்னார்.

அந்தக் குரல் வந்தது. மென்மையான, படித்த, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வது போன்ற குரல்.

"அன்போடுதான் சொல்கிறேன். தங்கள் குறை பிள்ளைக்கும் வரும் என்று தெரிந்தே பெற்றுக்கொள்வது, அந்தப் பிள்ளையைப் பிறக்கும் முன்பே அடிப்பதற்குச் சமம். அவர்களை நான் வெறுக்கவில்லை. ஆனால் நாகரிகமான ஒரு சமூகம், இப்படிப்பட்ட பிறப்புகளை மெல்ல மெல்ல இல்லாமல் செய்ய வேண்டும்." கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை அன்றைக்குக் காதால் கேட்டேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள், "பாருங்க, எவ்வளவு நிதானமா பேசுறார்" என்று தலையாட்டினார்கள். நிதானமாகச் சொன்னால் வெறுப்பு இல்லையாம். கத்தினால்தான் வெறுப்பாம். கத்துகிறவனிடமிருந்து ஓடித் தப்பிக்கலாம். இவரை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

வாயாடியைப் பார்த்தேன். குரல் மென்மையாக இருந்ததால் அவள் முகமும் மென்மையாக இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பும் வர வேண்டியிருந்தது. வந்தது. தன் அக்காவின் கண்களை நேராகப் பார்த்து, 'அவர்களை நான் வெறுக்கவில்லை, ஆனால் இப்படிப்பட்ட பிறப்புகளை மெல்ல மெல்ல இல்லாமல் செய்ய வேண்டும்' என்று புன்னகையோடு கையால் சொல்லி முடித்தாள். ஒரு விரல் பிசகவில்லை.

நடுவர், சம்பந்தப்பட்டவர்கள் யாராவது ஒரு நிமிடம் பேசலாம் என்றார். ஒரே ஒரு நிமிடம் என்று அழுத்தியும் சொன்னார். அக்கா எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாயாடி மைக்கோடு அவள் கைகள் தெரியும்படி பக்கவாட்டில் வந்து நின்றாள். அக்காவின் கை வேகமாகப் போனது. வாயாடியின் குரல் இரண்டடி பின்னால் துரத்திக்கொண்டு வந்தது.

"எனக்கு மூணு மாசம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்துல, 'யோசிச்சீங்களா'ன்னு பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க. எதை யோசிக்கணும்னு எழுதல. நேத்து என் மூத்தவ கேட்டா, 'தம்பிக்குக் காது கேட்டா அவனை மட்டும் வச்சுப்பியா?'ன்னு. எனக்குக் காது கேக்கலைங்கிறது எனக்கு ஒரு கஷ்டமே இல்ல. உங்ககிட்ட பேச வேண்டியிருக்கே, அதுதான் கஷ்டம். துவேஷமா துணிவான்னு நீங்க சாவகாசமா பேசுங்க. எனக்கு அவ்வளவு நேரம் இல்ல."

காது கேளாதவர்கள் கையைத் தட்டுவதில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி விரல்களை விரித்து ஆட்டுவார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அக்கா முடித்ததும் முன்னிரண்டு வரிசைகளும் எழுந்து நின்று ஆட்டின. வாயாடி இன்னும் கடைசி வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் நடுவர், "நெகிழ்ச்சியான உரை, நன்றி" என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "துவேஷம் இல்லை என்பவர்கள் கை உயர்த்துங்கள்" என்றார்.

வாயாடி அதைச் சைகையில் சொல்லும் முன்பே முன்னிரண்டு வரிசைகளில் கைகள் உயர்ந்துதான் இருந்தன. அக்காவுக்காக. தொண்டர்கள் இரண்டு பேர் வந்து விறுவிறுவென்று எண்ணிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு இரண்டு கையாக எண்ணினார்களோ என்னவோ, அதுவும் தெரியாது.

வாயாடி நடுவரிடம் திரும்பி, மைக்கிலேயே சொன்னாள். வேலை நேரத்தில் அவள் சொந்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"சார், அது ஓட்டு இல்ல. கைதட்டல்."

நடுவர் சிரித்தார். "எண்ணியாச்சும்மா. ரெண்டு வரிசையால என்ன மாறிடப் போகுது?"

அடுத்து, துவேஷம்தான் என்பவர்கள் கை உயர்த்தும்படி சொன்னார். வாயாடி அதை முன்வரிசைக்குச் சைகையில் சொன்னாள். முதலில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அக்காவின் முகம் கறுத்தது, அத்தனை பேர் கையும் ஒரே வீச்சில் உயர்ந்தது. தொண்டர்கள் அவர்களைத் தாண்டி மூன்றாவது வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். "முன்னாடி இருக்கவங்க ஏற்கெனவே போட்டுட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதான்" என்றார் ஒருவர், ஏதோ அவர்கள் திருட்டு ஓட்டுப் போட வந்த மாதிரி. நான் எழுந்து கத்தினேன். பத்திரிகைக்காரர்களுக்கு ஓட்டு இல்லை, உட்காருங்கள் என்றார்கள். ஓட்டா கேட்டேன் நான்?

முடிவு அறிவிக்கப்பட்டது. துவேஷம் இல்லை. "அதிலும் பாராட்ட வேண்டியது என்னவென்றால்," என்று நடுவர் கைகூப்பினார், "முன்வரிசையில் இருக்கும் நம் காது கேளாத நண்பர்களே பெருந்தன்மையோடு அப்படித் தீர்ப்பளித்திருக்கிறார்கள்." அரங்கம் கைதட்டியது. இந்தக் கைதட்டலை யாரும் எண்ணவில்லை.

வாயாடி அதையும் முன்வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒற்றைக் கையால். அது வாய் நிறைய உணவை வைத்துக்கொண்டு பேசுவது போல, பாதிதான் புரியும். துவேஷம்தான் என்பவர்கள் யார் என்று கேட்டபோது உயர்ந்த அவளுடைய வலது கை இன்னும் இறங்கவில்லை. நேராக, தலைக்கு மேல் நின்றது. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றியுரை தொடங்கியது. அறக்கட்டளைக்கு நன்றி, அரங்கத்தாருக்கு நன்றி, மைக் வைத்தவருக்கு நன்றி. எல்லாவற்றையும் இடது கை சொன்னது. சபை கலைந்து நாற்காலிகள் நகரத் தொடங்கின. நடுவர் பொன்னாடையை மடித்துக்கொண்டே அவள் பக்கம் வந்தார்.

"கையைக் கீழ போடும்மா. எல்லாம் எண்ணி முடிச்சாச்சு."

வாயாடி அதை இடது கையால் முன்வரிசைக்குச் சொன்னாள். வலது கையை இன்னும் கொஞ்சம் உயரே தூக்கினாள்.